நிலையைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும்

எங்கள் ஊரில் வீடு கட்டியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். இடித்தவர் ஒரே ஒருவர்தான். ஆகவே ஊரின் கட்டடப் பெருமையைப் பற்றி யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால், ஆயிரம் பேர் வீட்டுக் கதவைத் தட்டுவதைவிட அந்த ஒருவரிடம் கேட்பது சுலபம்.

ஊர் அவரைக் கடப்பாரை அக்கா என்கிறது. முகத்துக்கு முன்னால் அக்கா, முதுகுக்குப் பின்னால் கடப்பாரை. இரண்டையும் சேர்த்து நேரில் சொன்னாலும் அவர் கோபித்துக்கொள்வதில்லை. "சம்மட்டின்னு வைக்காம விட்டாங்களே, அது குட்டையா தடியா இருக்கும்" என்பார்.

பழைய வீட்டை விலை பேசி வாங்கி, இடித்து, செங்கல்லைச் செங்கல்லாக, ஓட்டை ஓடாக, கதவைக் கதவாகப் பிரித்து விற்பது அவர் தொழில். இதனால் ஊரின் அந்தரங்கம் முழுக்க அவருக்குத் தெரியும். யார் வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு, யார் வீட்டுச் சுவரில் வெறும் மண், எந்தப் பெரிய மனிதர் குளியலறைக்கு என்ன நிறத்தில் பளிங்கு ஓடு பதித்திருந்தார் என்பதெல்லாம் மனப்பாடம். மேடையில் யார் ஏறி முழங்கினாலும் அக்கா பக்கத்தில் இருப்பவரிடம், "யாரு, அந்தப் பச்சை பாத்ரூமா?" என்று கேட்டுவிடுவார். அதற்குப் பிறகு பேச்சு காதில் ஏறாது.

அக்காவுக்கு ஒரு மனக்குறை உண்டென்றால் அது இதுதான்: புது வீட்டுக்குக் குடிபோகிற எவரும் அவரை அழைப்பதில்லை. அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆனாலும் இடிக்கிற கால் முதலில் உள்ளே வரவேண்டுமா என்று ஒரு தயக்கம். கிழட்டு வீடு சாய்ந்தால் ஓடி வந்து கூப்பிடுகிறவர்கள், புது வீடு எழும்பினால் தெருவின் அந்தப் பக்கமாகப் போவார்கள்.

அக்காவின் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

வீட்டை இடிக்கும்போது வாசல் நிலையை, அதாவது கதவு மாட்டியிருக்கும் அந்த மரச் சட்டத்தை, கடைசியில்தான் எடுக்க வேண்டும். கூரை போய், நாலு சுவரும் போய், சுற்றிலும் வெட்டவெளி ஆனாலும் நிலை மட்டும் நடுவில் தனியாக நிற்கும். ஆட்கள் உள்ளே போவதும் வெளியே வருவதும் அதன் வழியாகத்தான். குறுக்கே இரண்டு எட்டில் தெருவுக்குப் போய்விடலாம் என்றாலும் கூடாது. வரிசையில் நின்று, நிலையைத் தாண்டும்போது ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண் சொல்ல வேண்டும்; அக்கா வாசலுக்கு வெளியே நின்று கணக்கெடுப்பார். போன எண்ணிக்கை திரும்பி வந்த பிறகு, "யாராவது உள்ள இருக்கீங்களா?" என்று மூன்று முறை குரல் கொடுத்துவிட்டுத்தான் நிலையில் கை வைக்கலாம்.

பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அக்காவுக்கு வராது. அவர் கணவர் இதே தொழில் செய்தவர். ஒருநாள் வாங்குகிறவர் அவசரப்படுத்துகிறார் என்று நிலையை முதலிலேயே பெயர்த்து வெளியே சாத்தினார். வாசல் போனதும் அவரவர் இஷ்டத்துக்கு அவரவர் பக்கம் போனார்கள், வந்தார்கள். எதையோ எடுக்க அவர் மறுபடியும் உள்ளே போனதை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் வெளியே வந்தாயிற்று என்று நினைத்துச் சுவரில் கயிறு கட்டி இழுத்தார்கள்.

அந்த நிலையை வாங்கிக்கொள்ள அப்புறம் யாரும் வரவில்லை. அக்கா அதைக் கிடங்கின் முன்னால் இருக்கும் தன் இரண்டு அறை வீட்டுக்கு வாசலாக வைத்துக்கொண்டார். தொழிலையும் கையில் எடுத்துக்கொண்டார். முதல் நாள், சுவரில்லாத இடத்தில் வாசல் வழியாகப் போய் எண் சொல்லச் சொன்னதும் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு போய் நிலைக்குள் நுழைந்து, "ஒண்ணு" என்றார். பின்னாலேயே சிரித்துக்கொண்டே ஒருவன் "ரெண்டு" என்றான். மூன்றாமவன் வரும்போது சிரிப்பு நின்றிருந்தது. அன்றிலிருந்து அக்காவின் வேலையிடத்தில் ஒரு நகம்கூடப் போனதில்லை. அந்த மனிதருக்கும் ஒண்ணண்ணன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் வீட்டில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம்.

நகராட்சிக்கு இந்த வருஷம் ஊரின் மரபு மேல் திடீரென்று பாசம் பொங்கியது. கடைத்தெரு முனைத் திடலில், இந்த ஊர் வீடுகள் எந்தெந்தப் பொருளால் ஆனவையோ அதையெல்லாம் கொண்டாடும் விதமாக "பொதுவெளி வடிவமைப்பு நிறுவல்" ஒன்று வைப்பதென்று தீர்மானம் போட்டார்கள். பெயர் நீளமாக இருந்ததால் மக்கள் "அந்த நிக்கிறது" என்று சுருக்கிக்கொண்டார்கள்.

அதைச் செய்ய வந்தவர், கழுத்தில் அளவு நாடாவை மாலை போலப் போட்டுக்கொண்டு திரியும் ஒரு பெண். பழைய பொருள் தேடி ஊரெல்லாம் அலைந்தார். ஊரில் பழைய பொருள் ஏது? எல்லாம் அக்காவின் கிடங்கில் இருந்தது. தேக்குத் தூண்கள், கையால் அறுத்த செங்கல், வளைந்த ஓடு, இரும்புக் கிராதி, தேய்ந்த கருங்கல் படி என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டார். மரபைக் காப்பதற்குக் குழு அமைத்திருந்தவர்கள் எல்லாரும் தத்தம் வீட்டு மரபை அக்காவிடம் எப்போதோ போட்டுவிட்டவர்கள். நகராட்சித் தலைவர் தம் பரம்பரை வீட்டை இடிக்கக் கொடுத்தபோது சொன்ன ஒரே வார்த்தை, "சீக்கிரம்."

ஒருநாள் அந்தப் பெண் பேருந்துக்கு நிற்கும்போது எதிர்மனையைப் பார்த்தார். சுவர் எதுவும் இல்லை. நடுவில் ஒரு நிலை நிற்கிறது. சுற்றிலும் திறந்து கிடக்க, ஒரு கூட்டம் வரிசையாக நின்று அந்த நிலை வழியாக எண் சொல்லிக்கொண்டு வெளியே வருகிறது. பேருந்து வந்து போய்விட்டது. அவர் ஏறவில்லை.

"அக்கா, என் வேலைக்கு நடுவுல என்ன வைக்கிறதுன்னு தெரியாம முழிச்சிட்டு இருந்தேன். நீங்க காமிச்சிட்டீங்க" என்று கிடங்குக்கு வந்து சொன்னார்.

"நான் என்னத்தம்மா காமிச்சேன்? பசங்க சாப்பிடப் போனாங்க."

திட்டம் முடிவானது. தூண்களும் செங்கலும் ஓடுகளும் சுற்றி நிற்க, நடுவில் சுவரில்லாமல் ஒரு பெரிய நிலை. பார்க்க வருகிறவர்கள் அதன் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். கிடங்கில் கடைசியாக இருந்த பெரிய நிலையை அக்கா கொடுத்தார். அதற்கான பெயர்ப்பலகையில் "அடையாளம் தெரியாத ஒரு வீட்டின் வாசல்" என்று அச்சிடக் கொடுத்தார்கள். நன்கொடையாளர் இடத்தில் "பொதுமக்கள்." அக்காவும் பொதுமக்களில் ஒருவர்தானே.

நிறுத்துகிற வேலையை வெளியூர் ஆட்கள் செய்தார்கள். திறப்பு விழா சாயங்காலம். அன்று காலையில் திடலைச் சுத்தம் செய்துதரச் சொல்லி நகராட்சி என்ஜினியர் அக்காவின் ஆட்களைக் கேட்டிருந்தார். அக்கா வேறொரு வீடு பார்க்கப் போயிருந்ததால் ஒண்ணண்ணன் தலைமையில் போனார்கள். "பலகை மாட்டினதைத் தொடாதீங்க. மிச்சம் எதுவும் கண்ணுல படக் கூடாது" என்று சொல்லிவிட்டு என்ஜினியர் பந்தல்காரரைத் திட்டப் போனார்.

தூணில் பலகை இருந்தது. செங்கல்லில் இருந்தது. ஓட்டுக்கும் படிக்கும் இருந்தது. நிலைக்குரிய பலகை மட்டும் இன்னும் அச்சகத்திலிருந்து வரவில்லை.

ஒண்ணண்ணன் பார்த்தார். சுற்றிலும் சிதறிய ஓட்டுத் துண்டு, மண், சிமெண்ட் பை. நடுவில், சுவரில்லாமல், நிலை. அவர் வாழ்க்கையில் அப்படி நிற்கும் நிலைக்கு ஒரே அர்த்தம்தான்: வேலை முடிந்தது, எடுத்துக்கொண்டு கிளம்பு. முறைப்படி பக்கத்தில் போய் நின்று, "யாராவது உள்ள இருக்கீங்களா?" என்று மூன்று முறை குரல் கொடுத்தார். எதிர்க்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தாராம். பதில் வராததால் பக்குவமாக ஆப்புகளைத் தளர்த்தி, ஒரு கீறல் விழாமல் நிலையைச் சாய்த்து வண்டியில் ஏற்றிவிட்டார்.

நல்ல நிலை வந்தால் நேரே கொண்டுவந்து இறக்குங்கள் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லிவைத்திருந்தார். புதுசாக வீடு கட்டுகிறவர். இந்தக் காலத்தில் வீடு புதுசாகவும் வாசல் பழசாகவும் இருந்தால்தான் மதிப்பு. வண்டி நேரே அங்கே போயிற்று.

அக்கா வந்து சேர்ந்தபோது திடலில் என்ஜினியர் தலையில் கை வைத்து நின்றார். அளவுநாடாப் பெண் நிலை இருந்த இடத்தில் உட்கார்ந்தேவிட்டார்.

"யாரும்மா எடுத்தது?"

"நம்ம ஆளுதான் சார்."

"எங்க இப்ப?"

"ஆளா, நிலையா?"

"நிலைம்மா!"

"மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் போயிடுச்சு."

"வெளையாடறீங்களா? சாயங்காலம் தலைவர் வர்றார். பொதுச் சொத்து காணோம்னா நான் திருட்டுன்னுதான் எழுதிக் குடுக்கணும். எடுத்தவன் பேரைச் சொல்லுங்க."

ஒண்ணண்ணன் முன்னால் வந்தார். "நான்தான் சார் எடுத்தேன். எழுதிக்குங்க. கூப்பிட்டுக் கூடப் பாத்தேன் சார், யாரும் உள்ள இல்ல."

"உள்ளயா? எதுக்குள்ளய்யா?"

ஒண்ணண்ணன் நிலை நின்ற இடத்தைக் கையால் காட்டினார். அங்கே அளவுநாடாப் பெண் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள அங்க ஒரு நிலை நிக்கும். அதுவரைக்கும் பேனாவை மூடி வைங்க சார்" என்று அக்கா ஒண்ணண்ணனை இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

மருந்துக்கடைக்காரர் வீட்டு வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். அக்காவைப் பார்த்ததும், அதைவிட அக்கா கையில் வழக்கம்போல இருந்த கடப்பாரையைப் பார்த்ததும், இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டார். "ஏங்க! ஓடி வாங்க! புதுசா குடிபோகப் போற வீட்டை இடிக்க வந்துட்டாங்க!"

மருந்துக்கடைக்காரர் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டார். நல்ல மனிதர். "அக்கா, எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா வாங்கியிருப்பேனா? ஆனா பாருங்க, நிறுத்தி மேல சுவரும் எழுப்பியாச்சு. கொத்தனார் இப்பதான் சோத்துக்குப் போனார்."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். ஈரம் காயாத சுவர் நிலையின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. இப்போது நிலையை எடுத்தால் சுவரும் கூடவே இறங்கும்.

"உள்ள மட்டும் வந்துடாதீங்க, கேட்டீங்களா" என்றார் அந்த அம்மாள், கையை இறக்காமல்.

"வரலம்மா. கையைக் கீழ போடுங்க, வலிக்கப் போவுது. பழைய வீட்டை இடிச்ச பேரு எனக்குப் போதும். புது வீட்டை இடிச்ச பேரு வேற எதுக்கு?"

கிடங்குக்குத் திரும்பினார்கள். இருந்தவையெல்லாம் குளியலறை நிலைகள். "இதுல ஒண்ணை நிறுத்திட்டா?" என்று போனில் என்ஜினியர் கேட்டார். "தலைவர் உள்ள போயிடுவார் சார். திரும்ப வெளிய எடுக்க என் ஆளுங்க வேணும்" என்று அக்கா போனை வைத்தார்.

ஒண்ணண்ணன் சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தார். "நான் ஸ்டேஷனுக்குப் போறேன் தங்கச்சி. நல்ல சட்டைதான் போட்டிருக்கேன். ரெண்டு நாள் உக்காரவெச்சிட்டு விட்டுருவாங்க."

"நீ போய் உக்காந்துட்டா காலைல ஒண்ணு யாரு சொல்றது?"

"ரெண்டு சொல்றவன் சொல்லட்டும்."

"அவன் முதல் நாள் சிரிச்சவன். நீ சிரிக்கல." அவ்வளவுதான் சொன்னார். திரும்பித் தன் வீட்டு வாசலைப் பார்த்தார். அப்புறம் கடப்பாரையை எடுத்தார்.

உள்ளேயிருந்து நாத்தனார் ஓடிவந்தார். கணவருடைய தங்கை. அக்காவோடுதான் இருக்கிறார், அக்கா செய்யும் எதையும் ஒப்புக்கொள்ளாமல். "அண்ணி! உங்களுக்கு என்ன கிறுக்கா? ஊரான் வீட்டை எல்லாம் இடிச்சு முடிச்சு நம்ம வீட்டுக்கே வந்துட்டீங்களா? வாசலைப் பேத்துட்டா நாய் வரும், பூனை வரும்!"

"இப்ப மட்டும் கேட்டுட்டா வருது?"

"இது எங்கண்ணன் கடைசியா தொட்டது அண்ணி." நாத்தனாரின் குரல் இறங்கிவிட்டது.

அக்கா நிலையில் கை வைத்துக்கொண்டே சொன்னார். "தெரியும்டி. உங்கண்ணனுக்காக ஒண்ணும் செய்ய முடியாம இதைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு இருந்தேன். இந்தாளுக்காகச் செய்யலாம். ஆளு இன்னும் இருக்கான் பாரு."

நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டு ஒண்ணண்ணனைப் பார்த்தார். "எடுக்கறதுதான் எடுக்கறீங்க, முதல்ல கூப்பிட்டுப் பாருங்க. உள்ள அடுப்புல பால் இருக்கு."

ஒண்ணண்ணன் வாசலில் நின்றார். "யாராவது உள்ள இருக்கீங்களா?" மூன்றாவது முறை கூப்பிடுவதற்குள் நாத்தனார் பால் பாத்திரத்தோடு வெளியே வந்து நின்றார்.

மேலே சுவரைத் தாங்க வேறு மரம் குறுக்கே கிடந்ததால் வீட்டுக்கு ஆபத்தில்லாமல் நிலை கழன்றது. வெளியூர் ஆட்கள் நிறுத்த, வெயில் தாழ்வதற்குள் அது திடலின் நடுவில் நின்றது. முன்னதைவிட ஒரு சாண் உயரம் குறைவு. அளவுநாடாப் பெண் சுற்றிச் சுற்றி வந்தார். அக்கா தொட்டுத் தொட்டு ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று இருந்ததைத் தடவிப் பார்த்தார். யார் வீட்டு நிலை என்று கேட்டு, கதையையும் கேட்டுக்கொண்டார். அப்போதுதான் அச்சகத்திலிருந்து வந்த "அடையாளம் தெரியாத ஒரு வீட்டின் வாசல்" பலகையைத் தரையில் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று ஒரு ஆப்பை இறுக்கினார். பலகைக்குக் கிடைத்த நல்ல உபயோகம் அதுதான்.

சாயங்காலம் ஊரே கூடியது. தலைவர் முன்னோர்களின் வியர்வையைப் பற்றி முழங்கினார். அக்கா பக்கத்தில் நின்றவரிடம் அவர் பாத்ரூமைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் மனசு அவ்வளவு இளகியிருந்தது.

மாலை போட்டு, கைதட்டி, தலைவர் நிலையை நோக்கி நடந்தபோது அளவுநாடாப் பெண் குறுக்கே வந்தார். "ஒரு நிமிஷம் சார். முதல்ல அக்கா போகட்டும். இந்த வேலையே அவங்க குடுத்தது."

தலைவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். கேமரா இருந்தது.

"நான் கணக்கு எடுக்கறவம்மா. கணக்குல வர்றவ இல்ல" என்றார் அக்கா. "அண்ணே, நீ போ."

ஒண்ணண்ணன், போலீஸுக்காகப் பொத்தான் போட்ட அதே சட்டையோடு, துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நிலைக்குள் நுழைந்தார். பழக்கதோஷத்தில் சத்தமாகவே, "ஒண்ணு" என்றார். பின்னால் வந்த தலைவருக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. எல்லாரும் பார்க்கிறார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு "ரெண்டு" என்றார். கைதட்டல் அவர் பேச்சுக்குக் கிடைத்ததைவிட நிச்சயம் அதிகம். அதற்கப்புறம் வந்தவர்களெல்லாம் எண் சொல்லிக்கொண்டே போனார்கள். இன்றைக்கும் அந்தத் திடலுக்குப் போனால், சுற்றிலும் திறந்து கிடக்கிற இடத்தில் வேலைவெட்டி இல்லாதவர்கள் வாசல் வழியாக எண் சொல்லிப் போய்வருவதைப் பார்க்கலாம். என்ஜினியர் பேனா திறக்கப்படவே இல்லை. பிற்பாடு அவரே அக்காவிடம் வந்து, "என் பேத்தி நாப்பத்தி மூணாவதா போச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பலகை மாறிவிட்டது. புதுப் பலகையில் அக்காவின் வீட்டைக் குறிப்பிட்டு, "இந்த வாசலுக்குரிய வீடு பின்தெருவில் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்கள். ஓரிருவர் தேடிக்கொண்டுகூட வந்தார்கள். "அந்தச் சேலை தொங்குது பாருங்க, அதான்" என்று நாத்தனார் உள்ளேயிருந்து கத்துவார்.

மருந்துக்கடைக்காரர் மனைவி அக்காவைப் புதுவீட்டுக்குக் கூப்பிட்டார் என்று எழுதினால் கதை லட்சணமாக இருக்கும். அவர் கூப்பிடவில்லை. கடையில் பார்த்தால் மட்டும் இருமலுக்கு மருந்து வேண்டுமா என்று கேட்கிறார், இருமல் இல்லாத நாளிலும்.

ஆனால் வாசலை மறைத்த அந்தச் சேலை வெகுநாள் தொங்கவில்லை. ஒரு காலை அக்கா சந்தைக்குப் போய்த் திரும்பும்போது வீட்டு முன்னால் அவர் ஆட்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். கையெல்லாம் சிமெண்ட். முகத்தில் குற்றவாளிக் களை. வாசலில் ஒரு நிலை நின்றது. கிடங்கில் இருந்த குளியலறை நிலைகளிலேயே பெரியது. இடித்தே பழகிய கைகள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை நிறுத்தியிருந்தன என்பது பார்த்தாலே தெரிந்தது. இடது பக்கம் சாய்ந்திருந்தது. கதவு பாதி வரைக்கும் வந்து, மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று நின்றுவிட்டது.

"நேரா நிக்குதான்னு தூக்குக்குண்டு வெச்சுப் பாத்தீங்களாடா?"

"பாத்தோம்க்கா" என்றான் ரெண்டு சொல்கிறவன். "குண்டு நேராத்தான் இருந்துச்சு."

அக்கா நிலையைத் தடவினார். சாய்வைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்தார். சந்தைப் பையைக் கீழே வைத்தார். "ஊர்ல எல்லார் வாசலையும் எடுத்திருக்கேன். எனக்குன்னு ஒரு வாசல் வெச்சுக் குடுத்தது நீங்கதான்டா. நல்லா இருங்க. கோணலா இருந்தாலும் நல்லா இருங்க."

"போ தங்கச்சி, உள்ள போ" என்றார் ஒண்ணண்ணன். அவர் வாசலுக்கு வெளியே, அக்கா வழக்கமாகக் கணக்கெடுக்க நிற்கும் இடத்தில் நின்றிருந்தார்.

அக்கா தலையைக் குனிந்து, உடம்பை இடது பக்கம் சாய்த்து, உள்ளே நுழைந்தார்.

"ஒண்ணு" என்றார் ஒண்ணண்ணன், தன் எண்ணை அவருக்குக் கொடுத்து.

பின்னாலேயே அவசரமாக வந்த நாத்தனார், "ரெண்டு" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நெற்றியில் நங்கென்று முட்டிக்கொண்டார்.